சிலுப்பாத சேவல்

சின்னராஜுக்குப் பரிசு விழுந்த சேதி மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப்பில் ஏறி வந்து சேர்வதற்குள் பாதிக் கேலியாகிவிட்டது. சந்தவாசலில் ஒரு கடையில் தண்ணீர் மோட்டார் வாங்கியதற்குக் கூப்பன் கொடுத்தார்கள். பேரெழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மனிதர் அதை மறந்தும் போனார். குலுக்கலில் அவர் பேர் வந்தது. பரிசு, தாய்லாந்தில் நான்கு நாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "நடத்துண்ணே, நடத்து" என்றார்கள்.

அந்தச் சிரிப்பு சுந்தரம்மாள் காதுவரை போய்விட்டது. அவள் கூப்பனை வாங்கி, அதில் 'தம்பதியர்' என்று அச்சடித்திருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இவர தனியா தாய்லாந்துக்கு அனுப்பறதுக்கு நான் இன்னா பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

சின்னராஜுக்கு வேறு பயம். விமானம், வெளிநாடு, தெரியாத பாஷை எல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. அவர் பயந்தது ஒரு சேவலுக்கு. அதுவும் செத்து, குழம்பாகி, ஏப்பமாகியும் போய்விட்ட சேவலுக்கு.

கதை மாசி மாசம் தொடங்குகிறது. மகள் கல்பனாவுக்குத் தலைச்சன் பிரசவம். புருஷன் வீடு சந்தவாசலில். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, நச்சுக்கொடி கொஞ்சம் கீழே இருக்கிறது, ஜாக்கிரதையாக இருக்கணும் என்று சொல்லிவிட்டார். சுந்தரம்மாள் உடனே குலசாமி வேடியப்பனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். வேடியப்பன் என்றால் கோபுரமோ பூசாரியோ கிடையாது. சின்னராஜின் சாமை நிலத்து ஓரத்தில், புளியமரத்தடியில், வில்லோடு நிற்கும் ஒரு நடுகல். வீட்டு ஆம்பளைதான் பூசை செய்யவேண்டும். அடுத்த ஸ்கேனுக்குச் சுந்தரம்மாள் மகளோடு போக, சின்னராஜ் சேவலைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கல்லுக்குப் போனார்.

மலையில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சேவலுக்கு மாலை. அப்புறம் முகத்தில் மஞ்சள். அப்புறம் தலையில் தண்ணீர். தண்ணீர் பட்டதும் சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் அரிவாளைத் தொடக் கூடாது. வீட்டில் யாரோ எதையோ மனசில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், சாமிக்குக் கோபம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

சின்னராஜ் மாலை போட்டார், மஞ்சள் பூசினார், தண்ணீர் தெளித்தார். சேவல் அவரைப் பார்த்தது. இன்னொரு கை தெளித்தார். சேவல் ஒரு கண்ணை மூடித் திறந்தது. அவருக்கு அன்றைக்கு மூக்கடைத்து ஜலதோஷம். அவர்தான் இரண்டு முறை தும்மிச் சிலுப்பினாரே தவிர, சேவல் வருவாய்த் துறை அதிகாரி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு சொம்பு முழுக்க ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் வழிந்து தரையில் ஓடியதுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மலையில் சிக்னல் கிடைக்கிற நாலைந்து இடத்தில் அந்த நடுகல்லும் ஒன்று. சுந்தரம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டாள். "இன்னாய்யா, சிலுப்புச்சா?"

பின்னால் கல்பனாவின் குரலும் கேட்டது. "அப்பா, சிலுப்புச்சாப்பா?"

"சிலுப்புச்சும்மா. ஜோரா சிலுப்புச்சு" என்று சொல்லிவிட்டார் சின்னராஜ். சொன்ன பிறகு அறுக்காமல் எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? அறுத்தார். அன்றைக்குக் குழம்பு அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார் என்பது வேறு விஷயம்.

பொய் சொன்னதோடு போயிருந்தால் பரவாயில்லை. பயணத்துக்கு நாள் வந்தபோது, "பொண்ண இந்த நெலமைல வுட்டுட்டுப் போறதா?" என்று அவர் ஒதுங்கப் பார்த்தார். கல்பனாவோ, "அதான் வேடியப்பன் ஏத்துக்கினாரே, அப்புறம் இன்னாப்பா பயம்? வைகாசில தானே தேதி. போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். மகளின் தைரியம் முழுக்க அவருடைய ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்திருந்தது. சாமிக்குத் தெரியாமல் ஒன்றை மறைத்தாலும் மறைக்கலாம், சுந்தரம்மாளுக்குத் தெரியாமல் மறைப்பது லேசல்ல. அவர் இரண்டு மாசமாக அதைச் செய்துகொண்டிருந்தார்.

விமானம் வங்காள விரிகுடா மேலே ஒரு குலுக்குக் குலுக்கியது. மற்ற தம்பதிகள் சாமி பேரைக் கூப்பிட்டார்கள். 'இது மட்டும் நல்லா சிலுப்புது' என்று நினைத்துக்கொண்டார் சின்னராஜ்.

குழுவில் மொத்தம் பன்னிரண்டு ஜோடி. கூட்டிப்போனவர் வாணியம்பாடி அமீர் பாய். முன்பு தோல் வியாபாரத்துக்காக அந்த நாட்டுக்குப் போய்வந்து பாஷையும் வழியும் பழகிக்கொண்டவர். முதல் இரண்டு நாள் பாங்காக்கில் கட்டடங்களை அண்ணாந்து பார்ப்பதில் போயிற்று. மூன்றாம் நாள் அயுத்தயா. நானூறு வருஷத்துக்கு மேல் ராஜாக்கள் ஆண்ட நகரம், பர்மாக்காரர்கள் வந்து எரித்துவிட்டார்கள் என்றார் அமீர். எரித்த சூடு இன்னும் ஆறவில்லை என்றுதான் குழுவில் எல்லோருக்கும் தோன்றியது. சித்திரை முதல் தேதி. மழை கண்டு மாதங்களான மண். செங்கல் கோபுரங்கள் அடுப்பில் வைத்த மாதிரி காந்தின. மலைக்காற்றில் வளர்ந்த சின்னராஜுக்கு மூச்சு வாய் வழியாகத்தான் வந்தது.

காலையில் ஓட்டல் வாசலில் ஒரு பெண் கைகூப்பி வணங்கி, எல்லோர் கழுத்திலும் மல்லிகை மாலை போட்டிருந்தாள். சின்னராஜுக்கு அதில் சந்தோஷம்தான். மாலையோடு செல்ஃபி எடுத்துக் கல்பனாவுக்கு அனுப்பினார்.

வேனில் அமீர் எழுந்து நின்று சொன்னார். "இன்னிக்கி நம்மள மாதிரியே இவங்களுக்கும் வருசப் பொறப்புங்க. ரோட்டுல போறவங்க மேல தண்ணி ஊத்துவாங்க, வெள்ளமாவு பூசுவாங்க. நல்லது நடக்கணும்னு பண்றதுங்க. யாரும் கோச்சுக்காதீங்க." சின்னராஜ் அப்போது ஜன்னல் வழியே வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமீர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அவர் பார்த்தது சேவல்களை. ஒன்றிரண்டு அல்ல. ஒரு பழைய கோயிலின் வாசலிலிருந்து உள்ளே வரை, நூற்றுக்கணக்கில் சேவல் பொம்மைகள். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், ஆள் உயரம். சிவப்புக் கொண்டை, மஞ்சள் கழுத்து, கறுப்பு வால். எல்லாம் ஒரே திசையில் அவரையே பார்த்து நின்றன.

"பாய்," என்றார் சின்னராஜ். "இதெல்லாம் இன்னாத்துக்கு?"

"வேண்டுதலுங்கண்ணே. உள்ள ஒரு ராஜா சிலை கீது. அந்தக் காலத்துல பெரிய சண்டைக்காரரு. சேவல்னா உசுரு. நெனச்சது நடந்துச்சுன்னா சேவல் பொம்ம கொண்டாந்து வெப்பாங்க."

ஆயுதம் பிடித்த வீரன். சேவல் காணிக்கை. கடல் தாண்டி வந்தால் விட்டுவிடுவாரா வேடியப்பன்? முன்னாடியே வந்து நின்று, "எங்கடா என் சேவல்?" என்று கேட்கிறார். ஆனால் பயத்தோடு பயமாக ஒரு ஆறுதலும் வந்தது. கேட்கிற சாமி இன்னும் கைவிட்டுவிடவில்லை என்றுதானே அர்த்தம்! இங்கேயே முடித்துவிட்டால் ஊருக்கு லேசான மனசோடு போகலாம்.

சுந்தரம்மாள் மற்ற பெண்களோடு இளநீர் குடிக்கப் போன சமயம், வாசல் கடையில் ஒரு சிமெண்ட் சேவல் வாங்கினார். ஒரு மூலைக்குத் தூக்கிப்போய் வைத்துத் தன் கழுத்து மாலையிலிருந்து இரண்டு பூவைப் பிய்த்து அதன் தலையில் வைத்தார். "வேடியப்பா, அன்னிக்கி நடந்தது தப்புதான். எம்பொண்ணுமேல வெச்சிக்காத. இத்த ஏத்துக்க" என்று முணுமுணுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினார். ஊற்றிவிட்டு, பழக்க தோஷம், சிலுப்புகிறதா என்று பார்த்தார்.

சிமெண்ட் சேவல் சிலுப்பாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அறிவு ஒரு பக்கம் தெரியும் என்றது, மனசு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த வெயிலில் ஊற்றிய தண்ணீர் சொட்டுவதற்கு முன்பே காய்ந்தது. மறுபடி ஊற்றினார். மறுபடி காய்ந்தது.

"இன்னாய்யா பண்றே?" என்று பின்னால் ஒரு குரல். சந்தவாசல் கோபால்சாமி. குழுவில் எதையும் விடாமல் விசாரிக்கிற ஆள்.

"வெயிலாக் கீதே" என்றார் சின்னராஜ்.

"அதுக்கு?"

"பாவம்."

கோபால்சாமி சேவலைப் பார்த்தார், சின்னராஜைப் பார்த்தார், தன் பாட்டிலையும் நீட்டினார். அந்தத் தண்ணீருக்கும் சேவல் அசையவில்லை. ஆக, இரண்டாவது தடவையும் மறுப்பு. சின்னராஜ் சேவலை அங்கேயே மற்றவற்றோடு வரிசையில் நிறுத்திவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்.

ரோட்டில் ஒரு சின்ன லாரி நின்றது. அதன் மேல் பெரிய பீப்பாய், பீப்பாய்க்குள் ஐஸ் கட்டி. சுற்றிலும் ஆணும் பெண்ணும் பூப்போட்ட சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிரித்த முகத்தோடு ஒரு நடுவயசுக்காரி சின்னராஜ் எதிரில் வந்து, கிண்ணத்தில் குழைத்திருந்த வெள்ளை மாவை அவருடைய இரண்டு கன்னத்திலும் மெதுவாகப் பூசினாள். கழுத்தில் மாலை. முகத்தில் பூச்சு. சின்னராஜுக்குள் எங்கோ ஒரு மணி அடித்தது. அது அடித்து முடிப்பதற்குள் லாரி மேலிருந்த ஒருவர் ஐஸ் தண்ணீரை ஒரு வாளி நிறைய அவர் உச்சந்தலையில் கவிழ்த்தார்.

அந்தக் கொதிக்கிற வெயிலில் அந்தத் தண்ணீர் பட்டதும் சின்னராஜின் உடம்பு, அவரைக் கேட்காமலே, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. தலை இடமும் வலமும் ஆட, மாலையிலிருந்து தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. சேவலாக இருந்திருந்தால் ஊரே கை தட்டியிருக்கும். லாரிக்காரர்கள் தட்டினார்கள்.

சின்னராஜ் அப்படியே நின்றார். சேவலை ஏற்காத சாமி ஏன் ஏற்கவில்லை என்பது இப்போது பளிச்சென்று விளங்கியது. வேடியப்பனுக்குச் சேவல் வேண்டாம். பொய் சொன்னவனே வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை. சுந்தரம்மாளிடம் மெல்லிய குரலில், சினைப்பசு ஆடியில் ஈனும், கன்றுக்குட்டியை விற்க வேண்டாம் என்றார். மேல்காட்டுப் பலாமரம் கல்பனாவுக்கு என்றார். மோட்டாருக்கு ஒரு வருஷம் வாரண்டி, சீட்டு அரிசிப்பானையில் இருக்கிறது என்றார். சுந்தரம்மாள் அவருடைய தட்டிலிருந்த மீனையும் சேர்த்துச் சாப்பிட்டாள், ஆனால் கண்ணை அவர் மேலிருந்து எடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்க வேண்டிய இடமும் சரியாக வந்து அமைந்தது. இடிந்த மதில் ஓரமாகப் புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கும் தலை இல்லை. பழைய போரில் போனது என்றார் அமீர். சின்னராஜ் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு புளியமரம் நின்றது, சொந்த ஊர் மரம் மாதிரியே. அதன் நிழலைப் பார்த்ததும் அவரால் தாங்க முடியவில்லை. கீழே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"சொல்லு," என்றாள் சுந்தரம்மாள், எதிரில் குந்தி உட்கார்ந்து. "சக்கரையா? எனக்குத் தெரியும். ரெண்டு மாசமா தூங்காம பொரள்றே. அதுக்குத்தான் நானும் உனக்கு வெல்லம் போடறதயே நிறுத்திட்டேன்."

"சக்கர இல்லமே." அவர் எல்லாவற்றையும் சொன்னார். மாசி மாசச் சேவல், போனில் சொன்ன பொய், சிமெண்ட் சேவல், மாலை, மாவு, தண்ணீர். "நான் சிலுப்பிட்டேன் சுந்தரம். என்னத்தான் கேக்கறாரு. எடுத்துக்கட்டும். எனக்கு அதுல வருத்தம் இல்ல. கல்பனாவயும் வயித்துல கீறதயும் வுட்டுட்டாப் போதும். நீ மட்டும் பொண்ணுகிட்ட இதச் சொல்லாத."

சுந்தரம்மாள் முகம் வெளுத்துவிட்டது. அவளும் அதே மலையில் பிறந்து, அதே கல்லைக் கும்பிட்டவள்தானே. சிலுப்பாத சேவலை அறுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையில்லாத சிலைகளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று ரோட்டைப் பார்த்து நடந்தாள். சின்னராஜ் பின்னாலேயே ஓடினார்.

அங்கேயும் ஒரு தண்ணீர் லாரி நின்றது. சுந்தரம்மாள் அதற்கு நேர் எதிரில் போய் நின்று, குனிந்து தலையைக் கொடுத்தாள். லாரிக்காரர்கள் வயசான பெண்மணியாயிற்றே என்று தயங்கி, விரலால் நாலு சொட்டுத் தெளித்தார்கள். அவள் நிமிர்ந்து, "ஊத்துங்கய்யா!" என்று போட்ட அதட்டல் எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். ஒரு முழு வாளி விழுந்தது. கொண்டை அவிழ, அவள் உடம்பு சிலுப்பியது.

"தோ, நானும் சிலுப்பிட்டேன்," என்றாள், குளிரில் பல் தந்தியடிக்க. "எடுத்துக்கறதா இருந்தா ரெண்டு பேரயும் சேத்து எடுத்துக்கட்டும். உன்னை மட்டும் அனுப்பிட்டு ஊருக்குப் போய் நான் யாரோட சண்ட போடறது?"

முப்பது வருஷத்தில் அவள் தன்னிடம் இவ்வளவு ஆசையாக ஒரு வார்த்தை பேசிச் சின்னராஜ் கேட்டதில்லை. அதற்குள் குழுவே அங்கு வந்துவிட்டது. லாரிக்காரர்கள் கோபால்சாமியை நனைத்தார்கள், அவர் சிலுப்பினார். அவர் சம்சாரத்தை நனைத்தார்கள், அந்தம்மாவும் சிலுப்பினார். அமீர் பாய் "யா அல்லா!" என்று கத்தி, மற்றவர்களைவிடப் பெரிதாகச் சிலுப்பினார்.

சின்னராஜ் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். பன்னிரண்டு ஜோடியையும் ஒரு பாயையும் வேடியப்பன் என்ன செய்வார்? புதூர்நாட்டுப் புளியமரத்தடியில் இத்தனை பேருக்கு இடமேது?

சுந்தரம்மாள் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"யோவ். அன்னிக்கி நீ எந்தச் சேவல எடுத்துக்கினு போனே?"

"கழுத்துல புள்ளி போட்ட மாதிரி இருக்குமே, அதான்."

"அதுக்குப் பேன் புடிச்சிருந்துச்சுய்யா! மொத நாளு சாயங்காலம்தான் தலையிலயும் கழுத்துலயும் வேப்பெண்ணெய அப்பி வுட்டேன். எண்ணெ மேல தண்ணி ஊத்துனா அது எங்க ஒட்டும்? வழுக்கிக்கினு போயிடாது? அதுக்குச் சொரணயே இருந்திருக்காதே!" அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வேப்பெண்ண நாத்தம் பத்து வூடு தள்ளி அடிக்குமே, உனக்குத் தெரியல?"

"எனக்கு மூக்கு அடச்சிருந்துச்சு" என்றார் சின்னராஜ்.

சுந்தரம்மாள் அவரை முதுகில் ஒரு போடு போட்டாள். இன்னொன்றும் போட்டாள். இரண்டாவது அடியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு அழுகையும் வந்தது. "ரெண்டு மாசமா ஒத்த ஆளா சுமந்துகினு கீறியே, என்கிட்ட சொன்னா நான் இன்னா கரைஞ்சா போயிடுவேன்?" என்று கேட்டாள். லாரிக்காரர்கள் இது ஏதோ இந்தியர்களின் வருஷப்பிறப்பு வழக்கம் என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு இன்னொரு வாளி ஊற்றினார்கள்.

வைகாசி கடைசியில் கல்பனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நச்சுக்கொடி தானாகவே மேலே ஏறிவிட்டது, சுகப்பிரசவம். முப்பது நாள் கழிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நடுகல்லுக்குப் போனார்கள். பழைய பாக்கிச் சேவலை இந்தத் தடவை சுந்தரம்மாள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். காலையிலேயே அதற்குச் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளிப்பாட்டி, வெயிலில் காயவைத்து, மோந்தும் பார்த்துவிட்டாள். ஊரில் கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு நடந்ததில்லை.

மாலை போட்டு, மஞ்சள் பூசி, சின்னராஜ் ஒரு கை தண்ணீர்தான் தெளித்தார். சேவல் போட்ட சிலுப்பில் மஞ்சள் தண்ணீர் சுற்றி நின்ற அத்தனை பேர் மேலும் தெறித்தது. கல்பனா சந்தோஷத்தில் கத்தினாள். அவள் கையில் இருந்த குழந்தையின் நெற்றியிலும் ஒரு சொட்டு விழுந்தது. குழந்தை கண்ணை இறுக்கிக்கொண்டு, குட்டியாக, உடம்பு முழுக்கச் சிலுப்பியது.

குழந்தையையும் கணக்கில் சேர்த்துவிடுவாரோ வேடியப்பன் என்று சின்னராஜ் பதறினார். அவர் யாரையும் பார்க்கவில்லை. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துத் தன் தலையில் ஊற்றிக்கொண்டு, கல்லைப் பார்த்து நன்றாக, இரண்டு தரம் சிலுப்பினார். சுந்தரம்மாள் சொம்பை அவர் கையிலிருந்து வாங்கி, அடியில் கிடந்ததைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவர் பக்கத்தில் நின்று சிலுப்பினாள்.

கல்பனா வாயைப் பிளந்தாள். "இன்னாம்மா ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்?"

"தாய்லாந்துல இப்டித்தான்" என்றாள் சுந்தரம்மாள்.